மலை குடையும் பொறிகள்



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் அதைக் கடைப்பிடித்தவன் நான். இன்றும் அதை விடப்போவதில்லை. நிலத்தின் அடியில் சுரங்கவழி அகழும் வேலையைப் பொறிகள் தாமே செய்யும் நிலை எவ்வாறு வந்தது, அதனால் மனிதகுலம் பெற்ற நன்மை யாது, இன்னும் அது பெறவேண்டிய அறிவு யாது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொருள் பெரியது. எனினும் தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் நமக்கு அதன் தொடக்கம் கண்ணெதிரே இருக்கிறது.

குற்றாலத்துப் பேரருவியைப் பாருங்கள். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், நேரே நம் தலைமீது விழுவதில்லை. இடையில் பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, பிறகே நம்மை நனைக்கிறது. அந்தப் பள்ளத்தை எந்த உளி குடைந்தது? நீரும் நீரோடு உருண்ட கல்லுமே பாறையைத் தேய்த்து ஆழமாக்கின. இயற்கை மலையைக் குடையும் முறை இது. அதற்குக் கூலி இல்லை, அவசரமும் இல்லை. மனிதனுக்கோ அத்தனை காலம் இல்லை. ஆகவேதான் அவன் உளியை எடுத்தான். நம் மாவட்டத்துத் திருமலாபுரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. உளிகொண்டு மலையைக் குடைந்து இறைவனுக்கு இல்லம் அமைத்த அந்தத் தச்சர்களே நம் பகுதியின் முதற் சுரங்கத் தொழிலாளர் என்று சொன்னால் மிகையாகாது.

இனி, செங்கோட்டையிலிருந்து மேற்கே கொல்லம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையை நினைவுகூருங்கள். பகவதிபுரத்தைக் கடந்ததும் வண்டி மலைக்குள் புகுந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள இருட்டைக் கடந்து, ஆரியங்காவுப் பக்கம் வெளிப்படுகிறது. நம் ஊரார் அதைக் 'குகை' என்றே சொல்லுவர். வண்டி குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூவுவதும், எதிரொலி கேட்டுச் சிரிப்பதும் இன்றும் மாறவில்லை. 1904-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாதை அது. மீட்டர் பாதையாக நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து, 2010-இல் வண்டிகள் நிறுத்தப்பெற்று, அகலப்பாதையாக மாற்றப்பெற்று, 2018-இல் மீண்டும் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1895-இல், பெரியாற்று அணை முடிந்தது. மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்புவதற்காக அங்கே மலையின் ஊடே வெட்டப்பெற்ற சுரங்கவழியின் நீளம் ஏறத்தாழ 1,740 மீட்டர். பென்னிகுயிக்கின் பெயரை நாம் அறிவோம். அறிந்து போற்றவும் செய்கிறோம். அந்த மலைக்காட்டில் காய்ச்சலாலும் கொள்ளைநோயாலும் மாண்ட நூற்றுக்கணக்கான தொழிலாளரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அக்காலத்தில் பாறையில் சுரங்கம் வெட்டிய முறையை அறிய நீங்கள் வெளியூர் செல்லவேண்டியதில்லை. நம் பக்கத்துக் கிணறு வெட்டுவோரைக் கேட்டால் போதும். ஒருவர் நீண்ட உளியைப் பாறையில் ஊன்றிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார். மற்றவர் சம்மட்டியால் அதன் தலையில் ஓங்கி அடிப்பார். இவ்வாறு இட்ட துளையைத் 'தமர்' என்பர். தமருக்குள் வெடிமருந்தைக் கெட்டித்துத் திரி வைத்து வேட்டு வைப்பர். வெடித்தபின் புகை அடங்கக் காத்திருக்கவேண்டும். பிறகு தொங்கிக்கொண்டிருக்கும் கற்களைக் கடப்பாறையால் நெம்பித் தள்ளவேண்டும். உடைந்த கல்லை அள்ளி அகற்றவேண்டும். பாறை பலவீனமான இடத்தில் மரத்தாலோ கல்லாலோ முட்டுக்கொடுக்கவேண்டும். அதன்பிறகு மறுபடியும் தமர். துளை, வெடி, காற்று, நெம்பல், அள்ளல், முட்டு என்னும் இந்த ஆறு வேலைகளும் ஒரு சக்கரம்போல் மாறிமாறி வரும். சுரங்கவேலையின் இலக்கணம் முழுவதும் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். இவற்றுள் ஒவ்வொன்றையும் மனிதன் கையிலிருந்து பொறி எவ்வாறு வாங்கிக்கொண்டது என்பதே இனி நான் சொல்லப்போகும் வரலாறு.

முதலில் மாறியது துளை. இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் இருப்புப்பாதைச் சுரங்கம் ஒன்றை 1857-இல் தொடங்கினார்கள். கையுளியால் வெட்டினால் நாளொன்றுக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாகவே முன்னேற முடிந்தது. அப்போது சொம்மெய்யே என்னும் பொறியாளர், அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் துளைக்கருவியைச் சுரங்கத்துக்குள் கொண்டுவந்தார். நீராவிப் பொறியைச் சுரங்கத்துள் வைத்தால் புகையால் மூச்சு முட்டும். காற்றினால் இயங்கும் கருவியோ வேலையையும் செய்யும், வெளிவிட்ட காற்றால் மூச்சுக்கும் உதவும். எத்தகைய நுட்பம், பாருங்கள்! கால் நூற்றாண்டு பிடிக்கும் என்று பலர் கணித்த வேலை பதினான்கு ஆண்டுகளில் முடிந்து, 1871-இல் பாதை திறக்கப்பெற்றது. இடையே 1867-இல் ஆல்ஃபிரட் நோபெல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இதே காற்றின் ஆற்றலை நீங்களும் கண்டிருக்கிறீர்கள். திருச்செங்கோட்டிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று வண்டி, பேரொலியோடு வெண்தூளை ஊதித் தள்ளிக்கொண்டு, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தை ஓரிரு நாளில் எட்டிவிடுகிறதன்றோ? ஆல்ப்ஸ் மலையைத் துளைத்த தத்துவத்தின் பேரப்பிள்ளை அது.

ஆனால் வேகம் வந்தபோது வேறொரு பகையும் கூடவே வந்தது. அது தூசி. கையுளி மெல்லத் தூவிய கல்மாவைக் காற்றுக்கருவி புயலாக எழுப்பியது. மணிச்சத்துப் போன்ற அந்த நுண்தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, அதை இறுகச் செய்து, மனிதனை மூச்சுக்குத் திணறவைக்கும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டிய நீர்ச்சுரங்கத்தில் உலர்முறையில் துளையிட்டதால், நூற்றுக்கணக்கான தொழிலாளர் இந்நோய்க்கு இரையாயினர். துளைக்கும் இடத்தில் நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கும் கருவி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகில் இருந்தது என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு பதறுகிறது. பொறி இருந்தது, காப்பும் இருந்தது, காக்கவேண்டும் என்னும் மனம் இல்லை.

நான் பணியாற்றிய ஊர் ஒன்றில் கிணறு வெட்டும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் மகன் என் மாணவன். பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தே, அது உறுதியானதா, உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்லிவிடுவார். "கல் கணீரென்றால் நிற்கும் ஐயா, பொத்தென்றால் நாம் நிற்கக்கூடாது" என்பார். நான் கேட்ட புவியியல் பாடங்களுள் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை. இருமிக்கொண்டேதான் சொல்லுவார். தம் மகனை இத்தொழிலுக்கு விடமாட்டேன் என்பதையும் அந்த இருமலோடேயே சொன்னார். அவர் கைத்திறன் பெரிது. அதற்காக அவர் கொடுத்த விலை அதைவிடப் பெரிது. பொறிகள் வேண்டுமா என்று கேட்போருக்கு அந்த இருமலே விடை.

மென்மையான மண்ணில் சுரங்கம் வெட்டுவது வேறொரு கலை. பாறை தானே நிற்கும், மண் நிற்காது. இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றின் அடியில் 1825-இல் சுரங்கம் தொடங்கிய மார்க் புருனேல், கப்பற்பலகையைத் துளைக்கும் ஒருவகைப் புழுவிடம் பாடம் கற்றார் என்பர். அப்புழு தலையில் உள்ள ஓட்டினால் மரத்தை அரித்துக்கொண்டே, தான் கடந்துவந்த வழியில் பூச்சுப் பூசிக்கொண்டே செல்லும். புருனேல் இரும்பாலான பெரிய கேடயம் ஒன்றைச் செய்தார். அதிலிருந்த 36 அறைகளில் 36 தொழிலாளர் நின்று, தத்தம் முன்னுள்ள மண்ணை வெட்டினர். கேடயம் முன்னே நகர, பின்னே கொற்றர் செங்கல் சுவர் எழுப்பினர். ஆற்றுநீர் பலமுறை உட்புகுந்தது. 1828-இல் அறுவர் மாண்டனர். 1843-இல்தான் வேலை முடிந்தது. எனினும் இன்றைய பெரும்பொறிகளுக்கெல்லாம் அந்தக் கேடயமே தாய். அந்த 36 பேரின் கைகளுக்கு மாற்றாக ஒரு சுழலும் சக்கரத்தை அமைத்தால் எப்படி என்பதுதான் அடுத்த நூறாண்டுக் கேள்வி. 1950-களில் அமெரிக்கரான ஜேம்ஸ் ராபின்ஸ் அதற்கு நல்ல விடை கண்டார். 1956-இல் கனடாவின் டொரொண்டோ நகரில் அவருடைய பொறி, உருளும் எஃகுத் தட்டுகளை மட்டுமே கொண்டு பாறையை வெட்டிக் காட்டியது.

அந்தத் தட்டு பாறையை எவ்வாறு வெட்டுகிறது? வாள்போல் அறுப்பதில்லை, அழுத்துகிறது. கருப்பட்டியைக் கத்திமுனையால் அழுத்தினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறதன்றோ? அதுபோல அருகருகே உருளும் இரு தட்டுகளின் அழுத்தத்தால் இடையிலுள்ள பாறையில் வெடிப்பு ஓடி, சில்லாக உதிர்கிறது.

இத்தகைய பொறிகள் தமிழ்நாட்டில் வேலை செய்வதை நம் தலைமுறை கண்டது. சென்னை மெட்ரோ ரயிலின் முதற் சுரங்கப்பாதை 2017-ஆம் ஆண்டு மே மாதம் திருமங்கலத்திற்கும் நேரு பூங்காவிற்கும் இடையே திறக்கப்பெற்றது. இரண்டாம் கட்ட வேலையில் 2022-இல் மாதவரத்தில் அகழத் தொடங்கிய பொறிக்கு 'நீலகிரி' என்று பெயர். அடுத்து வந்தவற்றுள் ஒன்று 'ஆனைமலை'. மலையைக் குடையும் இனத்துப் பொறிக்கு மலையின் பெயரையே இட்டது நல்ல நயம்.

அதன் வேலையை மனக்கண்ணால் பாருங்கள். பல மாடி வீட்டை நீளவாட்டில் படுக்கவைத்தாற்போல ஓர் எஃகுக் குழல். அதன் முகத்தில் ஏறத்தாழ ஆறரை மீட்டர் அகலமுள்ள வெட்டுச்சக்கரம் சுழல்கிறது. வெட்டிய மண் முகத்துக்குப் பின்னுள்ள அறையில் நிறைகிறது. அதை ஒரு நீண்ட திருகு, அளந்து அளந்து பின்னே தள்ளுகிறது. ஏன் அளக்கவேண்டும்? மண்ணை மிகையாக எடுத்தால் மேலேயுள்ள தெருவும் வீடும் தாழும். குறைவாக எடுத்தால் தரை மேலெழும். அறையிலுள்ள மண்ணின் அழுத்தமும் வெளிமண்ணின் அழுத்தமும் துலாத்தட்டுப்போல் ஒத்து நிற்கவேண்டும். ஜப்பானியர் 1970-களில் செம்மைப்படுத்திய முறை இது. பின்னே ஓர் இரும்புக்கை, வளைந்த கான்கிரீட்டுப் பாளங்களை ஒன்றோடொன்று கோத்து வளையமாக்குகிறது. அந்த வளையத்தின்மீதே தண்டுகளை ஊன்றி, பொறி தன்னைத்தானே முன்னே தள்ளிக்கொள்கிறது. நான் முன்பு கூறிய ஆறு வேலைகளுள் வெடியும் நெம்பலும் மறைந்தன. துளையும் அள்ளலும் முட்டும் ஒரே பொறிக்குள் ஒருங்கே நடைபெறுகின்றன. காற்றைக் குழாய்கள் கொண்டுவருகின்றன.

இதற்கும் அடுத்த படி ஒன்று உண்டு. பொறியை ஓட்டுபவரின் அறையில் அழுத்தம், வேகம், முறுக்குவிசை, திசை முதலிய நூற்றுக்கணக்கான அளவைகள் கணந்தோறும் வந்துகொண்டிருக்கும். அவற்றைப் பார்த்து, கையால் திருத்திக்கொண்டே இருப்பது அவர் வேலை. அந்தத் திருத்தத்தையும் கணிப்பொறியிடமே விட்டுவிடலாமே என்று எண்ணினார்கள். தமிழர் பலர் வாழும் கோலாலம்பூரில், புத்ராஜெயா வழித்தடச் சுரங்கத்தில், 2019-ஐ ஒட்டிய காலத்தில் எம்.எம்.சி. கமுடா நிறுவனத்தார் அத்தகைய தானியங்கு முறையைக் கையாண்டனர். பொறி தன் திசையையும் அழுத்தத்தையும் தானே சரிசெய்துகொள்கிறது. மனிதர் மேற்பார்வை செய்கின்றனர். வெடிவைத்து வெட்டும் சுரங்கங்களிலும், பல கைகளையுடைய துளைவண்டி, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் துளைக்கவேண்டும் என்னும் வரைபடத்தைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு தானே துளையிடுகிறது.

இவ்வளவும் மனிதனுக்கு என்ன நன்மை செய்தன? ஒரே மலையில் இரு காலங்களை ஒப்பிட்டுக் காட்டுகிறேன். சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலையில் 1872 முதல் 1882 வரை 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வெட்டியபோது ஏறத்தாழ 200 தொழிலாளர் விபத்துகளில் மாண்டனர். கொக்கிப்புழு நோயால் வாடியவர் வேறு. அதே மலையின் அடிவாரத்தில், பெரும்பொறிகளின் துணையோடு வெட்டி 2016-இல் திறந்த சுரங்கத்தின் நீளம் 57 கிலோமீட்டர். அங்கே மாண்டவர் ஒன்பதின்மர். நீளம் ஏறத்தாழ நான்கு மடங்கு. இழந்த உயிரோ இருபதில் ஒரு பங்கு. ஒன்பது உயிரும் பெரிதே. ஆயினும் இந்தக் கணக்கைக் கண்டபின், பொறியே வேண்டா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கலாமா? அண்மைக்காலத்து இரு நிகழ்ச்சிகள் 'கூடாது' என்று எச்சரிக்கின்றன.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், உத்தரகாண்டு மாநிலத்துச் சில்க்யாராவில் கட்டப்பெற்றுவந்த சாலைச் சுரங்கத்தின் ஒரு பகுதி சரிந்து, 41 தொழிலாளர் உள்ளே அடைபட்டனர். சரிந்த கற்குவியலின் ஊடே குழாயைச் செலுத்தக் கொண்டுவந்த பெருந்திருகுப் பொறி, முக்கால் பங்குக்கு மேல் துளைத்தபின், இடிபாட்டிலிருந்த இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. எஞ்சிய ஏறத்தாழ 12 மீட்டரை யார் அகழ்ந்தார்கள், தெரியுமா? எலிவளை முறை என்று சொல்லப்படும் முறையில் பழகிய எளிய தொழிலாளர். நிமிரவும் இடமில்லாத குழாய்க்குள் படுத்தும் முழந்தாளிட்டும், கைக்கருவிகளால் அவர்கள் அகழ்ந்தனர். ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் வழி திறந்தது. பதினேழாம் நாள், 41 பேரும் உயிரோடு வெளியே வந்தனர். நிலக்கரி அகழ்வதில் உயிர்க்கேடு என்று 2014-இல் தடைசெய்யப்பெற்ற முறை அது. அந்த முறையைப் போற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கைகளைப் போற்றவேண்டும் என்கிறேன். கம்பி எங்கே, கல் எங்கே என்று விரலால் தடவி அறியும் அறிவு அன்று அந்தப் பொறிக்கு இல்லை.

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. தெலங்கானா மாநிலத்தில், ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்க்காக ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளத்திற்குத் திட்டமிட்ட சுரங்கத்தைப் பெரும்பொறி கொண்டே அகழ்ந்துவந்தனர். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், நீரும் சேறும் கல்லுமாகக் கூரை சரிந்தது. எண்மர் அகப்பட்டனர். ஒருவர்கூட உயிரோடு மீளவில்லை. அத்தனை வலிமை வாய்ந்த எஃகுப் பொறியும் அங்கே நொறுங்கிப் புதைந்தது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கற்கவேண்டுவது யாது? பொறி தன் முகத்தைத் தொடும் பாறையைத்தான் அறியும். அப்பாறைக்கு அப்பால் பத்து மீட்டரில் நீர் தேங்கிய வெடிப்பு இருக்கிறதா, நொறுங்கிய அடுக்கு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து சொல்லும் கடமை மனிதருடையது. முன்னே நுண்துளையிட்டுப் பார்த்தல், அதிர்வலைகளை அனுப்பி எதிரொலி கேட்டல் முதலிய வழிகள் இன்று உண்டு. சுத்தியலால் தட்டிக் கேட்ட அந்த முதியவரின் செவிதான் இன்று கருவியாக வளர்ந்திருக்கிறது. கருவி 'பொத்து' என்று சொல்லும்போது, வேலையை நிறுத்தும் துணிவு யாருக்கு இருக்கவேண்டும்? நாள் தாழ்ந்தால் பணம் போகும் என்று கணக்கிடுவோருக்கு அத்துணிவு எளிதில் வாராது. அந்தத் துணிவைச் சட்டமாகவும் பழக்கமாகவும் ஆக்குவதே உண்மையான பாதுகாப்பு.

கூலி வேலை பறிபோகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்மட்டி பிடித்த நூறு பேர் நின்ற இடத்தில் இன்று பொறி அறிந்த சிலரே நிற்கின்றனர். தூசியிலும் வேட்டிலும் மனிதனை நிறுத்தும் வேலை ஒழிவது நன்று. ஆனால் அந்த வேலை ஒழிந்தவனின் அடுப்பு அணைவது நன்றன்று. பொறியை வாங்கும் பணத்தில் ஒரு பகுதி, அதனால் வேலை இழப்போரையும் அவர்தம் மக்களையும் பயிற்றுவதற்குச் செல்லவேண்டும். பொறியைப் பழுதுபார்க்கவும், அளவைகளைப் படிக்கவும், பாளங்களை வார்க்கவும், நிலத்தை ஆராயவும் ஆட்கள் வேண்டும். கிணறு வெட்டியவரின் மகன் அந்த அறையில் அமரும்போதுதான் இந்த முன்னேற்றம் முழுமையடையும்.

மாணவச் செல்வங்களே! நிலவியல் என்றொரு பாடம் இருப்பதையே அறியாமல் பள்ளியை விட்டுச் செல்வோர் நம்முள் மிகப் பலர். நம் வீட்டு வாயிலில் இத்துணைப் பெரிய மலைத்தொடர் நிற்க, அது எந்தப் பாறை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று கேளாமல் இருப்பது நமக்கு அழகன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வோர் பொறியின் உறுப்பைக் கற்கட்டும். கல்லூரியில் சேர்வோர் பாறையின் இயல்பைக் கற்கட்டும். இரு சாராரும் சேர்ந்து கற்கவேண்டிய மூன்றாம் பாடம் ஒன்று உண்டு. எந்தச் சுரங்கத்தின் வரைபடத்தைக் கண்டாலும், அது எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி ரூபாய் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். உள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சரிவு நேர்ந்தால் அவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை எழுதப்பெறாத வரைபடம், எத்தனை நுட்பமானதாயினும், இன்னும் முடியாத வரைபடமே.